களிமண் கொல்லையில் ஒரு யூக்கா: இடமாற்றம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்குக் கிழக்கே, வீட்டுக் கொல்லை முடியும் இடத்தில் வயல் வரப்பு தொடங்கிவிடும் ஒரு கிராமம். அங்கே ஒரு வீட்டின் வாசல் கேட்டை ஒட்டி மூன்று தண்டுகளுடன் ஒரு யூக்கா நின்றது. கற்றாழை போல முள்நுனி இலை கொண்ட அழகுச் செடி. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் முழங்கால் உயரத் தொட்டிச் செடியாக வாங்கி வந்து, தொட்டி உடைந்ததும் மண்ணில் இறக்கி வைத்தது. யாரும் கவனிக்காமலே வளர்ந்தது. பெரிய தண்டு ஏழு அடி, நடுத்தண்டு நாலு அடி, ஓரத்தில் கிளைத்த சிறியது மூன்று அடி. இலையின் விளிம்பில் நுண்ணிய பற்கள். நுனியில் கெட்டியான முள். யூக்கா அலோய்ஃபோலியா என்ற இனத்தின் அடையாளம் இது. நம் பக்கத் தோட்டங்களில் காணக் கிடைக்கும் இன்னொரு இனமான யூக்கா ஜைகாண்டியாவின் இலை நுனி இவ்வளவு கொடுமை செய்யாது. இடமாற்றப் பேச்சே இந்த நுனியால்தான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வந்து கேட்டருகே இறங்கும் பேரனின் கண் மட்டத்துக்கு நடுத்தண்டின் இலைகள் வந்துவிட்டிருந்தன. யூக்கா முள் கண்ணில் ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கண் மருத்துவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

வெட்டி எறிந்திருக்கலாம். வீட்டின் அப்பாயி ஒப்புக்கொள்ளவில்லை. முந்தைய கோடையில் அது ஒருமுறை பூத்திருந்தது. பெரிய தண்டின் உச்சியில் வெள்ளை வெள்ளையாய்க் கொத்துக் கொத்தாகத் தொங்கிய பூவைத் தெருவே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பூத்த செடியை வெட்டுவது அவர் வழக்கத்தில் இல்லை. ஆகவே கொல்லைக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று.

வீட்டில் எல்லாரும் அதைக் கத்தாழை என்றே சொன்னார்கள். பூத்ததால் செத்துவிடுமோ என்ற பயமும் அதனால் வந்ததுதான். ரயில் பாதை ஓரம் நிற்கும் பெரிய கற்றாழை ஒரே ஒரு முறை பூத்து மடிந்துவிடும். யூக்கா அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் பூத்த பிறகு சாகாது. பூத்த தலைக்குக் கீழே கிளை விட்டுத் தொடர்ந்து வளரும். இந்த ஒரு விவரம் தெரிந்ததும் வீட்டில் பாதிப் பதற்றம் அடங்கியது.

முதலில் அழுகியது

என்னை அழைத்தது இரண்டாம் கட்டத்தில். அதற்கு முன்பே, ஐப்பசியில், ஓரத்துச் சிறிய தண்டைப் பெயர்த்துக் கொல்லையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளோட்டம் பார்ப்பது புத்திசாலித்தனம்தான். பார்த்த மாதம்தான் தவறு. செடி விற்றவரிடம் கேட்டதற்கு, "மழைக்காலத்தில் வைத்தால் எதுவும் பிடித்துக்கொள்ளும்" என்றாராம். டெல்டாவில் எந்தச் செடிக்கும் சொல்லப்படும் ஆலோசனை இதுதான், பெரும்பாலான செடிகளுக்கு இது பொருந்தவும் செய்யும்.

இரண்டடிக் குழி. அடியில் ஒரு கூடை தொழுவுரம். தண்டின் கீழ்ப்பகுதி அரையடி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக ஊன்றி, மண்ணை மிதித்து இறுக்கி, அன்றே இரண்டு குடம் தண்ணீர். பிறகு தினமும் ஒரு குடம். கார்த்திகையில் மழை இறங்கியதும் குடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. மார்கழியில் நடு இலை மஞ்சளாகித் தளர்ந்தது. நான் பார்க்கும்போது நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. அடியில் பழுப்பு நிறக் கூழும் துர்நாற்றமும். தண்டை அழுத்தினால் விரல் பதிந்தது. வேரில் வெள்ளையாக ஒன்றுகூட மிச்சமில்லை.

இதைப் பலர் "இடம் மாற்றிய அதிர்ச்சி" என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் செடியைப் பொறுத்தவரை அந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை. வேரே இல்லாத வெறும் தண்டைக் காய வைத்து நட்டாலும் வேர் விடுகிற செடி யூக்கா. பெயர்த்து எடுப்பதால் மட்டும் அது சாகாது. இங்கே கொன்றது குழி.

டெல்டாவின் உள்பகுதி மண் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல். மன்னார்குடிப் பக்கம் அதில் களி அதிகம். களிமண்ணில் குழி தோண்டி, எடுத்த மண்ணைத் தளர்த்தி எருவோடு கலந்து திரும்ப நிரப்பினால், சுற்றிலும் இறுகிய சுவர், நடுவில் தளர்ந்த மண். பெய்கிற மழை எளிதாக இறங்கும் இடம் அதுவாகிவிடுகிறது. வெளியேற வழி கிடையாது. செடி ஓர் அண்டாத் தண்ணீரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் துளைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள, வேர் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேரில் ஃபைட்டோப்தோரா, பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் ஏறுகின்றன. அங்கிருந்து தண்டுக்குப் போக அவற்றுக்கு அதிக நாள் வேண்டாம். பச்சைத் தொழுவுரம் ஈரத்தை இன்னும் பிடித்து வைத்தது. ஆழமாகப் புதைத்தது அழுகலுக்குத் தண்டையே நேராகக் காட்டிக்கொடுத்தது.

இதே களியில், இதே தண்ணீரில் நெல் எப்படி நிற்கிறது என்று அப்பாயி கேட்டார். நியாயமான கேள்வி. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று இறங்கும் உட்குழல்கள் உண்டு. இலை வழியாக வாங்கும் காற்றை வேர் நுனி வரை அது அனுப்பும். யூக்காவுக்கு அந்த வசதி இல்லை. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்குக் கடற்கரை மணல் மேடுகளும் மெக்சிகோவும் கரீபியத் தீவுகளும். மழை பெய்தால் மணல் வழியே இறங்கிப் போய்விடும் நிலம். உப்புக் காற்றையும் வெயிலையும் தாங்கும், நின்ற தண்ணீரைத் தாங்காது. இந்த மாவட்டங்களில் அதற்கு வாகான மண் வேண்டுமென்றால் வேதாரண்யம், கோடியக்கரை மணலைச் சொல்லலாம். மன்னார்குடிக் களியை அல்ல. வாழைக்குக்கூட நாம் வடிகால் வெட்டித்தான் வைக்கிறோம், யூக்காவுக்கு யாரும் யோசிப்பதில்லை.

கேட்டருகே இத்தனை வருஷம் எப்படி நன்றாக இருந்தது? அந்த இடத்தைக் கிளறிப் பார்த்ததில் பதில் கிடைத்தது. வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசலும் மிஞ்சிய மணலும் சுண்ணாம்புக் காரையும்தான் அங்கே ஒன்றரை அடிக்கு இருந்தன. தெருவைவிட வாசல் உயரம். கட்டட வேலை தற்செயலாக அமைத்துக்கொடுத்த வடிகாலில் அது வளர்ந்திருக்கிறது. புதிய இடத்தில் நாம் செய்ய வேண்டியது இதையே வேண்டுமென்று செய்வதுதான் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

எப்போது, எங்கே

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆண்டு மழையில் பெரும்பகுதி டெல்டாவுக்கு அப்போதே கிடைத்துவிடுகிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். தண்ணீர் திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாகலாம். ஆனால் சம்பா நிற்கும்வரை வயலில் தண்ணீர் நிற்கும், வயலை ஒட்டிய கொல்லையிலும் நிலத்தடி ஈரம் மேலேயே இருக்கும். அறுவடை முடிந்து வயல் காய்ந்த மாசியில் களிமண் நல்ல பதத்துக்கு வருகிறது: கடப்பாரை இறங்கும், மண்வெட்டியில் ஒட்டாது. பங்குனி கடந்தால் அதே மண் வெடித்துக் கல்லாகிவிடும். ஆகவே மாசி.

கொல்லையில் தேர்ந்தது தென்கிழக்கு மூலை. காலை முதல் பிற்பகல் வரை வெயில் உண்டு. நடைபாதைக்கு ஆறடி தள்ளி. கழிவுநீர்த் தொட்டிக்கும் கிணற்றடிக்கும் எட்டாத இடம். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடி வரும் பக்கமும் அல்ல. கிணற்றடி ஓரத்தில் வைத்தால் நாம் ஊற்றவே வேண்டாமே என்று வீட்டில் சொன்னார்கள். அங்கே வைக்கக் கூடாது என்பதற்குக் காரணமே அதுதான்.

குழி தோண்டவில்லை. மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டிவிட்டு, அதன்மேல் ஆறடி அகலத்தில், ஒன்றரை அடிக்கும் சற்று உயரமாக மேடு போட்டோம். கட்டட வேலையில் மிஞ்சியிருந்த ஆற்று மணல் இரண்டு பங்கு, சிறிதாக உடைத்த செங்கல் ஒரு பங்கு, கொல்லை மண் ஒரு பங்கு. மணலைக் கொஞ்சமாகக் களியில் கலப்பதில் ஒரு பயனும் இல்லை. களித்துகள்கள் மணலின் இடைவெளிகளை அடைத்து முன்பைவிட இறுகிப்போகும். கலந்தால் மணல் ஆதிக்கமாக இருக்கும்படி கலக்க வேண்டும். குழிக்கு அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பதும் இன்னொரு நம்பிக்கை. நுண்மண்ணிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மேலே உள்ள மண் நிரம்பித் தளும்பிய பிறகே இறங்கும். வேர் இருக்கும் மண்ணை உயர்த்துவதுதான் வழி. தொழுவுரம் போடவில்லை, யூக்காவுக்கு அது பெரிதாகத் தேவையுமில்லை, பச்சை எருவும் வைக்கோலும் கரையானையும் கூட்டி வரும்.

பெயர்த்தது

வாழைக்கட்டை தோண்டுவதில் கைதேர்ந்த ஒரு பெரியவர்தான் கடப்பாரை பிடித்தார். அவர் கைக்கு முன் முதலில் முள்ளுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. எட்டுகிற இலைகளின் நுனியைக் கத்தரிக்கோலால் அரை விரற்கடை நறுக்கினோம். செடிக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. தொங்கிய அடி இலைகளைக் கழித்துவிட்டு, மீதியை மேல்நோக்கிச் சேர்த்துச் சாக்கால் சுற்றி நார்க்கயிற்றால் கட்டினோம். கண்ணாடி அணியாமல் குனியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "எத்தனையோ தாழம்புதரில் புகுந்து வந்தவன் நான், சார்" என்று சிரித்துவிட்டு அவர் போட்டுக்கொண்டார்.

ஏழு அடித் தண்டை முழுசாகப் பெயர்ப்பதை நான் விரும்பவில்லை. தலை கனம், புதிய வேர் பிடிக்கும்வரை பிடிமானம் கிடையாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, வேரூன்றி நின்ற தென்னைகளே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. வேர் பிடிக்காத ஏழடி மரத்தை அடுத்த புயலுக்குக் காட்ட வேண்டாம். ஆகவே பெரிய தண்டைத் தரையிலிருந்து இரண்டரை அடியில் ரம்பத்தால் அறுத்தோம். மேலே நாலரை அடித் தலைத்துண்டு. அதன் அடியில் கோணலாக இருந்த ஒரு முழத்தை வெட்டித் தள்ளினோம். கீழே வேருடன் நின்ற மொட்டைக் கட்டை. நடுத்தண்டை அப்படியே முழுதாக எடுப்பது. ஆக ஒரே செடியில் மூன்று வகை முயற்சி.

தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்து, பிறகு அடியை நோக்கிச் சரிவாக இறங்கினார் பெரியவர். செங்கல் உடைசல் கலந்த மேல்மண் உதிர்ந்துகொண்டே வந்தது. அதன் கீழே களி தொடங்கிய இடத்தில் வேர் சட்டென்று நின்றுவிட்டது. களிக்குள் போகவே விரும்பாமல் பக்கவாட்டில் ஓடியிருந்தது. நான் வாயால் சொன்னதை அந்த வேரைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். கையளவு தடிமனான அடித்தண்டுக் கிழங்குகள் இரண்டு சுவரை நோக்கிப் போயிருந்தன. பிய்க்காமல், ரம்பத்தால் ஒரே சீராக அறுத்தோம். பிய்ந்த காயம் ஆற நாளாகும்.

அறுத்த எல்லா முகத்திலும் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சண மருந்தைக் குழம்பாகக் கரைத்துப் பூசினோம். வேருடன் இருந்த இரண்டையும் மாட்டுக்கொட்டகை நிழலில் இரண்டு நாள் கிடத்தினோம். தலைத்துண்டைக் காயம் காய்ந்து தோல் கட்டும்வரை, ஒரு வாரத்துக்கும் மேல், சாய்த்து வைத்தோம். இந்த இடத்தில்தான் வீட்டார் பொறுமை இழந்தார்கள். பிடுங்கிய நாற்றைப் பொழுது சாய்வதற்குள் நட்டுப் பழகியவர்களுக்கு, ஒரு செடியை வேண்டுமென்றே வாட விடுவது பார்க்கச் சகிக்காத காட்சி.

வைக்கும்போது பழைய மண் மட்டம் தண்டில் எங்கே இருந்ததோ அதே மட்டம். நிறம் மாறும் கோடு தெளிவாகத் தெரியும். அதற்குமேல் மண் ஏறக் கூடாது. வேர்க் கட்டியில் ஒட்டியிருந்த களியைக் குச்சியால் குத்திப் பாதிக்குமேல் உதிர்த்துவிட்டே வைத்தோம். களி உருண்டையை அப்படியே மணல் மேட்டில் வைத்தால் இரண்டு மண்ணும் ஒட்டாது, ஒன்றில் ஈரம் தங்கும், இன்னொன்று காய்ந்து கிடக்கும், வேர் எல்லையைத் தாண்டாது. தலைத்துண்டை மட்டும் நாலில் ஒரு பங்கு உள்ளே இறக்கினோம். மூன்றுக்கும் மூங்கில் கம்பு முக்காலியாக ஊன்றி, கயிறு தண்டை அறுக்காமல் இருக்கப் பழைய வேட்டித் துணி சுற்றிக் கட்டினோம். மாமர நிழலில் பாதி நாள் நின்ற செடி என்பதால் மேற்குப் பக்கம் தென்னங்கீற்று ஒன்று சாய்த்தோம், பங்குனி வெயில் இலையைச் சுடாமல் இருக்க.

தண்ணீர்

"நட்டால் ஒரு குடம்கூடவா ஊற்றக் கூடாது தம்பி? பாவம் இல்லையா?" என்றார் அப்பாயி. விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் என்று பரம்பரையாகச் செய்துவரும் ஊர். நம் பக்கத்தில் ஒரு செடிக்குப் பரிவு காட்டத் தெரிந்த ஒரே வழி தண்ணீர்தான். அறுபட்ட வேர் ஆறும் முன் ஈரம் பட்டால் அழுகல் காயம் வழியே ஏறும். இலையிலும் தண்டிலும் யூக்கா சேர்த்து வைத்திருக்கும் நீர் அதுவரை போதும். இதை விளக்குவதைவிட, குடத்தை எடுத்து உள்ளே வைத்துவிடச் சொன்னது அதிகப் பலன் தந்தது.

ஒரு வாரத்துக்குப் பிறகு மேடு நனையும் அளவுக்கு ஒரு முறை. அப்புறம், ஒரு சாண் நீளக் குச்சியை மேட்டில் குத்தி, உலர்ந்து வந்தால் மட்டும். சித்திரையிலும் வைகாசியிலும் பத்து நாளுக்கு ஒரு தரம் என்று வந்தது. ஆடிக்குப் பிறகு ஊற்றவே இல்லை.

முழுதாக மாற்றிய நடுத்தண்டு பங்குனியில் அடி இலைகள் சிலவற்றை உதிர்த்துவிட்டு அப்படியே நின்றது. வளரவும் இல்லை, வாடவும் இல்லை. ஆனியில் குருத்து நகர ஆரம்பித்தது. மொட்டைக் கட்டை வைகாசியிலேயே அறுத்த முகத்துக்குக் கீழே மூன்று முளை விட்டது. இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளினோம். தலைத்துண்டுதான் மெதுவாக வந்தது. இலைகளில் பாதிக்குமேல் காய்ந்தது, இடையில் குருத்தில் மாவுப்பூச்சி வேறு. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்ததில் அடங்கியது. ஆவணியில் மெல்ல அசைத்துப் பார்த்தபோது தண்டு அசையவில்லை, வேர் பிடித்திருந்தது.

இவை எல்லாவற்றையும் முந்திக்கொண்டது வெட்டித் தள்ளிய அந்தக் கோணல் முழத்துண்டு. வரப்போரக் குப்பைமேட்டில் உமியும் சாம்பலும் கலந்த குவியலில் யாரோ எறிந்தது, படுத்தவாக்கில் கிடந்தபடியே சித்திரை வெயிலில் முளை விட்டிருந்தது. காய்ந்தது, தண்ணீர் தேங்காதது, யாரும் பரிவு காட்டாதது. நான் கொடுத்த விளக்கங்களுக்கெல்லாம் வீட்டார் அரைமனதாகத் தலையாட்டினார்கள். அந்தக் குப்பைமேட்டைப் பார்த்த பிறகு யாரும் குடத்தைத் தேடவில்லை.

ஐப்பசி மழையில் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மேட்டுக்கு மேல் ஏறவில்லை. வடகிழக்குப் பக்கம் மண் கரைந்து சரிந்ததைச் செங்கல் அடுக்கி நிறுத்த வேண்டியிருந்தது. முதலிலேயே ஓரம் கட்டியிருந்தால் இந்த வேலை மிச்சம். இலைகளில் பழுப்புப் புள்ளி வந்தது. புள்ளி கண்ட இலைகளைக் கழித்து எரித்தோம். தைக்கு வந்தபோது மூன்றும் உறுதியாக நின்றன. அடுத்த பூவை இப்போதைக்கு எதிர்பார்க்க வேண்டாம் என்று அப்பாயியிடம் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் யூக்காவுக்கு மகரந்தம் சேர்க்கும் தனி அந்துப்பூச்சி இங்கே இல்லை; ஆனாலும் இந்த இனம் அது இல்லாமலும் காய்க்கக்கூடும்.

மிச்சம் இருப்பது பழைய இடம். கேட்டருகே மண்ணில் தங்கிப்போன கிழங்குத் துண்டுகள் ஆடியில் சுவரோரமாகத் தலை நீட்டின. சிமெண்ட் பூசினாலும் விரிசல் தேடி வரும். முளை ஒரு விரல் உயரம் வரும்போதே கொத்தி எடுத்துக்கொண்டே இருந்தால், இலை வழியாகச் சோறு கிடைக்காமல் கிழங்கு தானே தீர்ந்துபோகும், மருந்து தேவையில்லை. கொத்தி எடுத்ததை வாய்க்கால் கரையில் போட்டால் அங்கே வேர் பிடிக்கும். குளத்தில் எறிவது அதைவிட மோசம்: யூக்காவில் உள்ள சப்போனின் மீனுக்கு ஆகாது, வேரை நசுக்கித் தண்ணீரில் அலசினால் சோப்பு நுரை வருவது அதனால்தான். நாய், பூனை கடித்தால் வாந்தி எடுக்கும். வெயிலில் நன்றாகக் காய வைத்து எரிப்பதே வழி.

எதிர் வீட்டுக்காரர் ஒரு கன்று கேட்டிருக்கிறார். குப்பைமேட்டுத் துண்டு அவருக்கு. அவர் வீட்டுக் கொல்லை இன்னும் ஓரடி பள்ளம். மேட்டைப் போட்டு முடித்துவிட்டுச் சொல்லுங்கள், மாசியில் எடுத்துத் தருகிறோம் என்று பதில் போயிருக்கிறது.